கடல் குதிரையும் கண்ணாடித் தொட்டியும்



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து நான் பூசை உடுப்புகளைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தபோது, ஞானோபதேச வகுப்புப் பையன் ஒருவன் வாசற்படியில் வந்து நின்றான். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. "என்னப்பா?" என்றேன். "சாமி, வீட்டிலே கடல் குதிரை வளர்த்தால் பாவமா?" என்று கேட்டான்.

முப்பது வருஷத்துக்கு மேலாகக் குருவாயிருக்கிற எனக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. அடுத்த வீட்டுக் கோழி நம் வீட்டில் முட்டையிட்டால் அந்த முட்டை யாருக்கு என்று கேட்டிருக்கிறார்கள். சுத்தபோசன நாளில் மறந்துபோய்க் கறிக்குழம்பைத் தொட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். கடல் குதிரையைப் பற்றி, அதுவும் கடலுக்கு ஏழாயிரம் அடிக்கு மேலே உள்ள நம்முடைய மலையிலே, ஒருவரும் கேட்டதில்லை.

விசாரித்ததில் சமாசாரம் இதுதான். பையனின் தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். நல்ல மார்க்கு வாங்கினால் கேட்டதை வாங்கித் தருகிறேன் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பையன் தொலைபேசிப் படத்தில் கடல் குதிரையைப் பார்த்து அதன்மேல் ஆசை வைத்துவிட்டான். மார்க்கும் வந்துவிட்டது. தகப்பனார் கோயம்புத்தூருக்குப் போய், பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, கம்பளியில் சுற்றி, பஸ்ஸிலே மடியில் வைத்தபடி மலையேற்றிக் கொண்டுவந்தார். கடற்கரைப் பக்கத்து ஆள் ஒருவர் ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுப்பதாகப் பேச்சு. ஆனால் இரவில்தான் வருவார், யாரிடமும் சொல்லக் கூடாது என்று நிபந்தனை. இந்தக் கடைசி வார்த்தை பையனுடைய காதில் விழுந்துவிட்டது. (பெயர் சொல்லாமல் எழுதலாமென்று அந்தக் குடும்பத்தார் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். யாரென்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம்.)

நான் அவசரத்தில், "சட்டத்துக்கு விரோதமான காரியம், ஆகையால் கூடாது" என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். அவன் போகாமல், "சட்டம் இல்லாவிட்டால், சாமி?" என்றான். அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. காலைக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது என்பதும் ஒரு காரணம். பிற்பாடு அது என்னை விடவில்லை. ஆகையால் உங்கள் எல்லாரோடும் சேர்ந்து யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2001-ம் வருஷம் கடல் குதிரை இனம் முழுவதும் பாதுகாக்கப்பட்ட பிராணிகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். முக்கூர்த்தி மலையிலே உலாவுகிற வரையாட்டைக் காக்கிற சட்டமும் இதே சட்டந்தான். வரையாட்டுக் குட்டி ஒன்றைப் பிடித்துவந்து கொல்லைப்புறத்தில் கட்டிவைக்க நம்மில் ஒருவருக்கும் மனம் வராது. நம் கண்முன்னே நடமாடுகிற பிராணியைப் பற்றி நமக்கு வெட்கம் இருக்கிறது. காணாத கடலில் இருக்கிறதைப் பற்றி அந்த வெட்கம் அவ்வளவாக இல்லை.

ஆனால் அந்தக் கடல் நமக்கு அவ்வளவு அந்நியமானதா? தமிழ்நாட்டில் கடல் குதிரைகள் அதிகமாக இருப்பது பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும். ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி என்று சொல்லுகிறோமே, அந்தக் கரைகளை ஒட்டிய ஆழமில்லாத கடல். அடியில் கடல் புல் வயல்வெளிபோல் வளர்ந்திருக்கும். நம்முடைய பங்கில் தோட்டக் குடும்பங்களில் பலருடைய தாத்தா பாட்டிமார் 1964-ம் வருஷத்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, தகரப்பெட்டியோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் கடந்துவந்த அந்த ஜலத்துக்கு அடியில்தான் கடல் குதிரை புல்லின் தாளைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நடப்படுவது எப்படியிருக்கும் என்று அந்தப் பெரியவர்களிடம் யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி, இந்தப் பிராணி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். இதுவும் மீன்தான். மீனுக்குரிய செதில் கிடையாது. எலும்புத் தகடுகள் கவசம்போல் உடம்பைச் சுற்றியிருக்கும். பல் கிடையாது, இரைப்பையும் கிடையாது. தின்றது தங்குவதில்லை, சீக்கிரமாகக் கழிந்துவிடும். ஆகையால் அடிக்கடி தின்றுகொண்டேயிருக்க வேண்டும். நீந்துவதில் மகா சோம்பேறி என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் முதுகிலுள்ள சின்னஞ்சிறு செட்டையை வினாடிக்கு முப்பது தடவைக்கு மேல் அடித்துத்தான் அந்தக் கொஞ்ச தூரத்தையும் கடக்கிறது. நீரோட்டம் பலமாயிருந்தால் களைத்துப்போகும். அதற்காகத்தான் சர்வேசுரன் அதற்குக் குரங்கின் வாலைப்போலச் சுற்றிப் பிடிக்கிற ஒரு வாலைக் கொடுத்திருக்கிறார். ஒரு கண் முன்னே பார்க்க, மறு கண் பின்னே பார்க்கும்.

எல்லாவற்றிலும் அதிசயம் அதன் குடும்பம். பெண் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இட்டுவிடும். சுமப்பது ஆண். ஏறக்குறைய மூன்று நான்கு வாரம் பையிலே வைத்துக் காத்து, காலம் வந்ததும் உடம்பை முறுக்கி முறுக்கி நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பெற்றுவிடுகிறது. (நம் பங்குத் தகப்பன்மார் இந்தப் பாராவை இரண்டாம் முறையும் வாசிப்பார்களாக.) பல இனங்களில் ஆணும் பெண்ணும் ஜோடி பிரியாமல், காலைதோறும் ஒன்றையொன்று தேடிவந்து, நிறம் மாறி, வாலைப் பிணைத்து, சிறிது நேரம் கூடி ஆடிவிட்டு, பிறகு அதது தன் இடத்துக்குப் போகும் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஜோடியில் ஒன்றை எடுத்துவிட்டால், மற்றது அந்தப் பருவத்தில் பிள்ளை பெறாமலே போகலாம்.

இப்படிப்பட்ட ஒன்றை ஒரு பிள்ளை பார்த்து ஆசைப்பட்டால், அந்த ஆசையில் குற்றமென்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. சிருஷ்டிகரின் கைவேலையைக் கண்டு வாய் பிளந்து நிற்பதும் ஒருவகை ஜெபந்தான். அர்ச். அக்குவினாஸ் தோமாஸ் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். சர்வேசுரனுடைய நன்மைத்தனம் ஒரே ஒரு சிருஷ்டியில் அடங்காது. ஒன்றில் குறைவுபடுவதை மற்றொன்று காட்டும்படியாகவே அவர் பலவிதமான சிருஷ்டிகளை உண்டாக்கினார் என்பது அவருடைய அபிப்பிராயம். பாப்பானவர் பிரான்சிஸ் 2015-ம் வருஷம் எழுதிய சுற்றுமடலிலும், ஒரு இனம் நம்மாலே அழிந்துபோனால் அது ஆண்டவரை மகிமைப்படுத்துவது நின்றுபோகிறது, அப்படி நிறுத்த நமக்கு உரிமையில்லை என்று கண்டித்திருக்கிறார். ஆகவே பையனுடைய ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆசையை நிறைவேற்றப் போகிற வழியைத்தான் பார்க்கிறேன்.

சட்டமே இல்லையென்று வைத்துக்கொள்வோம். அந்த ஜோடி உதகமண்டலத்துக்கு வந்துவிட்டது. பிறகு என்ன நடக்கும்?

கடல் ஜலத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. நூறு லிட்டர் தொட்டிக்கு மூன்றரை கிலோ. சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினால் ஆகாது. கடலிலுள்ள மற்ற உப்புகளும் அதனதன் அளவில் வேண்டும். தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய உப்பு மட்டும் தங்கிக் கரிப்பு ஏறும். தினந்தோறும் நல்ல தண்ணீர் விட்டுச் சரிசெய்ய வேண்டும். பிராணியின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகும். அந்த நஞ்சை மாற்றுகிற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகுவதற்கு ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ பிடிக்கும். அதுவரை தொட்டி வெறும் தொட்டியாகவே காத்திருக்க வேண்டும். இன்றைக்குத் தொட்டி, நாளைக்குக் கடல் குதிரை என்று அவசரப்படுகிறவர்கள், நாளை மறுநாள் அதைக் கொல்லைப்புறத்தில் புதைக்கிறார்கள்.

அந்தக் கடல் வெந்நீர்போல் வெதுவெதுப்பானது. நம் ஊரிலே ஜனவரி மாதத்து விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்; குழாய்த் தண்ணீரில் முகம் கழுவினால் பல் கிட்டிப்போகும். ஆகையால் இரவும் பகலும் மின்சாரத்தால் சூடேற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். மின்சாரமோ நம் மலையில் காற்றுக்கும் மழைக்கும் பயந்த பிள்ளை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததே, மறந்துவிட்டீர்களா? மண் சரிந்து, மரங்கள் சாய்ந்து, கம்பிகள் அறுந்து கிடந்த நாட்களில் நம் கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் கம்பளியில் சுற்றிக் காப்பாற்றுவதே பெரும்பாடாயிருந்தது. அப்போது தொட்டியிலுள்ள ஜீவன்களுக்கு யார் சூடு கொடுப்பார்கள்?

தீனியும் லேசானதல்ல. கடலில் பிடித்துவந்த கடல் குதிரை, உயிரோடு அசைகிற சிறு இராலைத்தான் பெரும்பாலும் தின்னும். சந்தையிலே காய்ந்த கூனி கிடைக்கிறதே என்று சொல்லாதீர்கள். அசையாததை அது இரையென்று மதிப்பதில்லை. தீனி குவிந்து கிடக்கத் தொட்டியிலே பட்டினியாய்ச் செத்த கடல் குதிரைகள் எத்தனையோ. நாளைக்கு இரண்டு மூன்று தடவை அதைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்? பையன் பள்ளிக்கூடம் போவான். தகப்பனார் தொழிற்சாலைக்குப் போவார். பிள்ளைகள் ஆசைப்பட்டு வளர்க்கிற நாய், புறா, முயல் எல்லாம் கடைசியில் யாருடைய தலையில் வந்து விழுகிறது என்பதை நம்முடைய தாய்மார் சொல்லுவார்கள். இந்தத் தாயாரோ காலை ஏழரைக்கே கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு புறப்படுகிறவர்.

1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேசம் மிருகங்களைக் குறித்து இரண்டு காரியங்களைச் சேர்த்துச் சொல்லுகிறது. வீணாக அவைகளை வதைப்பதும் சாகடிப்பதும் மனிதனுடைய மேன்மைக்குத் தகாது. மனிதருடைய துயரத்தைத் தீர்ப்பதற்கு முதலில் செலவாக வேண்டிய பணத்தை மிருகங்களுக்காகச் செலவழிப்பதும் தகாது. இரண்டாவது வாக்கியத்தைப் படித்தபோது எனக்கு அந்தத் தாயாரின் செருப்பு ஞாபகம் வந்தது. எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன்.

இங்கே நியாயமாக ஒரு எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் தொட்டியிலேயே பிறந்து, தொட்டித் தீனிக்குப் பழகிய கடல் குதிரைகளை விற்கிறார்கள். ஹவாய்த் தீவில் அதற்கென்று பண்ணையே உண்டு. நம் தேசத்திலும் விழிஞ்ஞத்தில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அவைகளைக் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள். அப்படி அறிவோடும் பொறுமையோடும் வளர்க்கிறவர்களை நான் குற்றவாளிகள் என்று சொல்ல மாட்டேன். தகப்பன் கடல் குதிரை சுமக்கிறது என்ற செய்தியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களாலே நமக்கு நன்றாக விளங்கிற்று. தொட்டி பாவமல்ல. ஆனால் இரவில் ரகசியமாய் வருகிற ஜோடி பண்ணையிலே பிறந்ததல்ல என்று சொல்ல யாரும் மண்டபத்துக்குப் போய் ஆராய வேண்டியதில்லை.

அன்பு வைத்தவர்களே ஒரு கடற்கரையை வெறுமையாக்கிவிட்ட கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்ற சாஸ்திரி இருந்தார். நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்ல. ஆனால் வேதாகமத்தைக் கையைவிட்டு இறக்காதவர். பாறைக் குழிகளில் தேங்கிய கடல் ஜலத்திலுள்ள பூச்சி, பூ, சிப்பி எல்லாவற்றையும் கண்டு அவற்றைப் படைத்தவரைத் துதித்தவர். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையிலே பொதுஜனங்களுக்கென்று மீன்காட்சிச் சாலை திறந்தபோது அதற்கு வேண்டியவற்றைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். மறு வருஷம் வீட்டிலே கடல் ஜலத் தொட்டி வைப்பது எப்படி என்று அழகான படங்களோடு புத்தகம் எழுதினார். அதைப் படித்தவர்கள் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்குக் கூட்டங்கூட்டமாய்ப் போனார்கள். வரவேற்பறைதோறும் ஒரு தொட்டி. சில வருஷத்தில் அந்தப் பாறைக் குழிகள் வெறுங்குழிகளாயின. அவருடைய மகன் எட்மண்ட் 1907-ல் வெளியிட்ட தம் வாழ்க்கைக் கதையில் இதை மிகுந்த துக்கத்தோடு எழுதியிருக்கிறார். தகப்பனாரும் தம்முடைய புத்தகங்களாலே வந்த கேட்டைத் தம் காலத்திலேயே உணர்ந்து வருந்தினாராம். அங்கே ஒருவரும் கெட்டவரல்ல. ஒவ்வொருவரும் எடுத்தது ஒன்றோ இரண்டோதான்.

நானும் ஒன்று எடுத்தவன்தான். குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், என்னோடு படித்த ஒருவருடைய ஊருக்கு விடுமுறைக்குப் போயிருந்தேன். ராமநாதபுரத்துக் கடற்கரை. அவருடைய சிற்றப்பா கடலடியில் மூழ்கிச் சங்கும் கடல் அட்டையும் எடுக்கிறவர். அப்போது கடல் குதிரைக்கும் நல்ல விலை. காயவைத்துச் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் அனுப்புவார்கள். சீன வைத்தியத்திலே சேருமாம். திண்ணையில் சாக்கின்மேல் நிலக்கடலைபோல் பரப்பிக் காய்ந்துகொண்டிருந்தன. நான் ஒன்றைக் கையில் எடுத்து அதிசயப்பட்டேன். அந்த மனுஷன், "சாமியாராகப் போகிற தம்பி, வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டார். அதன் வயிறு சற்று உப்பியிருந்தது. அது குஞ்சு சுமந்த தகப்பன் என்று வெகுகாலத்துக்குப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பல மாதங்கள் என் மேசைமேல் ஜெபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு வால் ஒடிந்து, தூளாகி, ஒருநாள் கூட்டிப் பெருக்குகிறபோது போயிற்று. சட்டம் அப்போது தடுக்கவில்லை. என்னை அப்போது ஒன்றும் உறுத்தவுமில்லை.

இந்தக் கதையை அந்த மீனவரைக் குற்றஞ்சொல்வதற்காக எழுதவில்லை. அவர் மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போனது பிள்ளைகளுக்குச் சோறு போட. அவரை அனுப்பியது தூரத்திலிருந்து வந்த விலை. அந்த விலையை ஏற்றியவர்கள் கடலையே பார்த்திராத எத்தனையோ பேர். நம்முடைய ஏழாம் கற்பனைக்கு ஞானோபதேசத்தில் விளக்கம் படித்திருக்கிறீர்கள்: திருடுகிறவன் மட்டுமல்ல, திருட்டுப் பொருள் என்று அறிந்து வாங்குகிறவனும் குற்றவாளி. பொருளுக்குடையவன் யார் என்று இங்கே கேட்கலாம். கடலுக்குச் சொந்தக்காரர் சர்வேசுரன். அனுபோகம் அந்தக் கரையிலே பிறந்தவர்களுக்கும் இனிப் பிறக்கப்போகிற அவர்களுடைய பிள்ளைகளுக்கும். அவர்கள் கையைக்கொண்டே அவர்கள் வயலை நாம் களவாடுகிறோம். ஆண்டவர் ஆதாமைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று ஆதியாகமம் சொல்லுகிறது. இரண்டாவது வேலையை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம்.

2001-ல் தடை வந்தபோது அடிபட்டவர்களும் அந்தச் சங்குகுளிகாரர்கள்தான். கையாலே ஒவ்வொன்றாய்ப் பொறுக்கியவனுக்குத் தண்டனை; அடிக்கடலையே வாரிக்கொண்டு போகிற விசைப்படகின் இழுவை மடியோ தொடர்ந்து ஓடிற்று என்று அவர்கள் குறைப்படுகிறார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. இன்றும் கடல் குதிரைகள் அதிகமாகச் சாவது யாருடைய தொட்டியிலுமல்ல, இராலுக்காக இழுக்கிற மடியிலே வேண்டாத மீனோடு மீனாக அகப்பட்டுத்தான். அப்படி வருகிற சில்லறை மீன் காய்ந்து கோழித் தீவனமாகிறது. அந்தக் கோழியின் முட்டை நம் வீட்டுக்கு வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வருகிற மீன் கூடையிலும் அந்த மடியின் மீன் இருக்கலாம். வெள்ளிக்கிழமை மீன் குழம்பு வைத்துச் சுத்தபோசனம் அனுசரிக்கிற நமக்கு இது சங்கடமான செய்தி.

அப்படியானால் தொட்டிக்கார ஏழையை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர், சாமி, என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பசிக்குத் தின்னும்போது, நாம் அறியாமலும் விரும்பாமலும் நேர்கிற சேதம் ஒன்று. கண்ணுக்கு அழகாயிருக்கிறதென்று, இதுதான் வேண்டுமென்று பெயர் சொல்லி, ஆளனுப்பிப் பிடித்துவரச் செய்வது மற்றொன்று. இரண்டுக்கும் வித்தியாசமுண்டு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முதலாவது நம்மைச் சும்மா விட்டுவிடுகிறது என்று நினைக்கவில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத காலம். அந்த இரண்டு மாதத்தில் மீன் விலை ஏறினால், முணுமுணுக்காமல் பருப்புக் குழம்பு வைக்கலாம். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதைவிட நல்ல யோசனை உள்ளவர்கள் பங்குப் பேரவையில் சொல்லுங்கள்.

அர்ச். பிரான்சிஸ் அசிசியாரைப் பற்றி ஒரு செய்தி அவருடைய சரித்திரத்தை முதலில் எழுதிய செலானோ தோமாஸ் என்பவர் சொல்லியிருக்கிறார். ரியேத்தி ஏரியிலே அவர் படகில் இருந்தபோது, மீனவன் ஒருவன் உயிருள்ள பெரிய மீனொன்றை அவருக்குக் காணிக்கையாகக் கொடுத்தான். அவர் சந்தோஷமாய் வாங்கி, சகோதரனே என்று அழைத்து, மறுபடி ஏரியிலே விட்டுவிட்டார். அந்த மீன் அவர் ஜெபித்து முடித்து விடைகொடுக்கிறவரை படகைவிட்டு அகலவில்லையாம். மீனவனுடைய காணிக்கையை வேண்டாமென்று அவர் தள்ளவில்லை; வாங்கிக்கொண்டார். வைத்துக்கொள்ளத்தான் இல்லை. நான் அந்தத் திண்ணையில் அதைச் செய்திருக்க முடியாது. எனக்குக் கொடுத்தது காய்ந்தது. பையனுடைய தகப்பனாருக்கு இன்னும் அவகாசம் இருந்தது.

அவருக்கு இருந்த பெரிய சங்கடம் கடல் குதிரையல்ல, கொடுத்த வாக்கு. "பிள்ளையிடம் சொன்ன சொல்லை மீறினால், நாளைக்கு நான் சொல்லுகிற எதை அவன் நம்புவான்?" என்று என்னிடம் வந்து கேட்டார். கண் கலங்கியிருந்தது. வருஷமெல்லாம் உழைத்து, பிள்ளைக்கு ஒன்றே ஒன்று கொடுக்க நினைத்தவர். இதை அற்பமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. வேதாகமத்தில் வாக்குக் கொடுத்து அகப்பட்டுக்கொண்ட ஒருவனைப் பற்றி அவருக்கு ஞாபகப்படுத்தினேன். விருந்தாளிகளுக்கு முன்பாக ஏரோது ஒரு பெண்ணுக்குக் கேட்டதெல்லாம் தருகிறேன் என்று ஆணையிட்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஸ்நாபக அருளப்பரின் தலையைத் தட்டிலே கொடுத்தான். செய்யத்தகாததைச் செய்வேன் என்று கொடுத்த வாக்கு கட்டாது என்பது திருச்சபையின் போதகம். கட்டுவது, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பிள்ளையிடம் ஒப்புக்கொள்கிற கடமைதான். அது கடல் குதிரை வாங்குவதைவிட அதிகச் செலவான காரியம் என்று அவர் முகத்திலே தெரிந்தது. "என் அப்பா என்னிடம் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை, சாமி" என்றார். என்னுடைய அப்பாவும் சொன்னதில்லை என்றேன்.

அன்று ராத்திரி சொல்லிவிட்டார். பையன் அழுதானாம். பிறகு, "அந்தக் கடல் குதிரை இப்போது எங்கே இருக்கும்?" என்று கேட்டானாம். "கடலில்" என்றாராம். "அங்கே இருட்டாயிருக்குமா?" என்றானாம். அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, நிலாவுள்ள இரவாயிருந்தால் அவ்வளவு ஆழமில்லாத கடலில் வெளிச்சம் கொஞ்சம் இறங்கும் என்று நினைக்கிறேன். மே மாத விடுமுறையில் பாட்டியைக் கூட்டிக்கொண்டு, அவர் கப்பலிலிருந்து இறங்கிய இடத்தைப் பார்க்க மூன்று பேரும் ராமேஸ்வரத்துக்குப் போவதாக இப்போது பேச்சு. பாட்டி மட்டும் வர மாட்டேனென்று அடம் பிடிக்கிறார்.

கண்ணாடித் தொட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். போன வாரம் வீடு மந்திரிக்கப் போனபோது பார்த்தேன். ஜன்னலோரத்தில், பாதிக்கு மண் நிரப்பி, மேலே ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறார் தாயார். வெளியே எல்லாச் செடியும் பனியில் கருகிக் கிடக்கிறது. உள்ளே கொத்தமல்லி விரல் உயரத்துக்கு முளைத்திருக்கிறது.

உங்கள் பங்குக் குருவானவர்